வீட்டில் கட்டும் டியர்டிராப் டிரெய்லர்: கரண்ட் வேலையை எவ்வளவு எளிமையாக வைக்கலாம்?

மரத்தூள் (ஷார்லட், வட கரோலைனா)

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் கராஜில் ஒரு டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவில், உள்ளே படுத்துறங்கும் சின்ன முகாம் டிரெய்லர்) கட்டிக்கொண்டிருக்கிறோம். அடியில் ஹார்பர் ஃப்ரெய்ட் கடையின் 4×8 அடி டிரெய்லர். தரை முடிந்துவிட்டது, பக்கச் சுவர்கள் இரண்டும் நிற்கின்றன. முக்கால் அங்குல பிளைவுட்டில் சட்டம், இடையில் ஃபோம், உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிளை. உள்பக்கப் பிளையை ஒட்டிவிட்டால் அப்புறம் வயர் இழுக்க வழியில்லை. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

மரவேலை தெரியும். கரண்ட் வேலையில் வீட்டு ஸ்விட்ச் மாற்றும் அளவுக்குத்தான் பழக்கம். இணையத்தில் மற்றவர்கள் கட்டியதைப் பார்த்தால் இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி, சுவர் நிறைய மீட்டர், ஒரு மோட்டார் ஹோமுக்கே போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் படுத்து எழும் பெட்டிக்கு அத்தனை தேவையா?

எங்கள் தேவை இதுதான். உள்ளே படிக்க இரண்டு விளக்கு, பின்பக்கச் சமையல் மேடைக்கு ஒன்று. கூரையில் ஒரு ஃபேன். போன், டேப்லெட் சார்ஜ். கணவருக்கு இரவில் சிபாப் கருவி (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றைச் செலுத்துவது), அது இல்லாமல் தூங்க முடியாது. சமையல் கேஸ் அடுப்பில். குளிருக்குப் போர்வை. இழுக்கப்போவது ரேவ்4 ஹைப்ரிட் கார், அதில் 4 முனை பிளக்தான் இருக்கிறது.

அதிகமாகப் போவது ஸ்மோக்கி மலைப் பக்கம். எல்க்மாண்ட், கேட்ஸ் கோவ் முகாம்களில் கரண்ட் இணைப்பு கிடையாது. மாநிலப் பூங்காக்கள் சிலவற்றில் உண்டு.

பேட்டரியைப் பொருத்தி வயரிங் செய்வதா, கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் பெட்டி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிடுவதா? 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வேண்டுமா, ஐஸ் பெட்டி போதுமா? 120 வோல்ட் வயரிங் சுவருக்குள் போட வேண்டுமா?

---

சாலைக்காதலன் (கொலராடோ)

வாழ்த்துகள் சகோதரி. என் ஓட்டு பவர் ஸ்டேஷனுக்கு. பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், மீட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் சுவர் பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. பனிக்காலத்தில் டிரெய்லர் வெளியே நின்றாலும் பேட்டரி வீட்டுக்குள் இருக்கும். வீட்டில் கரண்ட் போனால் அங்கேயும் உதவும். டிரெய்லரை விற்றால் இது உங்களோடு இருக்கும்.

என் டிரெய்லரில் சுவருக்குள் வயரே இல்லை. விளக்குகள் யூஎஸ்பியில் சார்ஜ் ஆகிற காந்த விளக்குகள். ஃபேனுக்கு மட்டும் ஒரு வயர் அலமாரி வழியாக வருகிறது.

---

வயர்மேன் (நியூ ஜெர்சி)

மரத்தூள், நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பொருள் வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு சாதனமும் எத்தனை ஆம்ப் இழுக்கும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், இந்த இரண்டையும் பெருக்கி எழுதுங்கள். வருவது ஆம்ப்-ஹவர், சுருக்கமாக ஏஎச். அந்தத் தாள் இல்லாமல் பேட்டரி அளவு பேசுவது வீண் பேச்சு.

தோராயமாக நானே தொடங்கி வைக்கிறேன். எல்இடி விளக்கு ஒன்றுக்கு 3 வாட், அதாவது கால் ஆம்ப். மூன்றும் மூன்று மணி நேரம் எரிந்தாலும் 2 ஏஎச்சைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 14 அங்குலக் கூரை ஃபேன் மெதுவாக ஓடினால் அரை ஆம்ப்புக்குள் அடங்கும், முழு வேகத்தில் 3 ஆம்ப் வரையோ அதற்கு மேலோ போகும். இரவு முழுக்க நடு வேகம் என்று வைத்து 8 ஏஎச். போன் இரண்டு, டேப்லெட் ஒன்று, ஒரு நாளைக்கு 4 ஏஎச். சிபாப்பில் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் 1 முதல் 1.5 ஆம்ப், எட்டு மணி நேரத்துக்கு 10 ஏஎச் எழுதிக்கொள்ளுங்கள். ஹியூமிடிஃபையரும் சூடாகும் குழாயும் ஓடினால் இந்தக் கணக்கு இரண்டு மூன்று மடங்காகும். அது தண்ணீரைச் சூடாக்குகிற வேலை. கரண்டை வைத்து எதையாவது சூடாக்கினால் பேட்டரி தாங்காது, எந்த டிரெய்லருக்கும் இது பொருந்தும்.

ஆக ஒரு நாளைக்குச் சுமார் 24 ஏஎச். இரண்டு இரவுக்கு 48. ஃபிரிட்ஜ் வைத்தால் கோடையில் அது மட்டுமே 25 முதல் 40 வரை தின்னும், மொத்தமும் இரட்டிப்பாகும். உங்கள் பட்டியலில் பெரிய முடிவு ஃபிரிட்ஜ் ஒன்றுதான். மற்ற எல்லாம் சேர்ந்தும் சின்னக் கணக்கு.

இன்னொன்று. சிபாப்பை இன்வெர்ட்டர் வழியாக ஓட்ட வேண்டாம். 12 வோல்ட்டை 120 ஆக்கி, அதை மறுபடி அந்தக் கருவியின் அடாப்டர் 24 ஆக இறக்கும். இரண்டு இடத்திலும் நஷ்டம். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, 11 இரண்டும் 24 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கு 12-லிருந்து 24-க்கு ஏற்றும் டிசி அடாப்டர் தனியாக விற்கிறார்கள். மாடலைச் சரிபார்த்து வாங்குங்கள், 10-க்கு வாங்கியது 11-க்குப் பொருந்தாது.

---

சாலைக்காதலன்

வயர்மேன் அண்ணா சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 24 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 300 வாட்-ஹவர். 1000 வாட்-ஹவர் பவர் ஸ்டேஷன் ஒன்று மூன்று இரவு தாங்கும். வேறென்ன வேண்டும்?

---

வயர்மேன்

தாங்கும் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பெரும்பாலான பவர் ஸ்டேஷன்களில் 12 வோல்ட் வெளியீடு என்பது ஒரே ஒரு சிகரெட் லைட்டர் சாக்கெட், 10 ஆம்ப். ஃபேன், விளக்கு, சிபாப் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அளவு போதும், ஆனால் அந்த சாக்கெட்டின் பிடிமானம் ஸ்பிரிங்கை நம்பியது. வண்டி ஆட ஆடத் தளரும். தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடிய இடம் சூடாகும்.

இரண்டாவது, 120 வோல்ட் வெளியீட்டின் பட்டனை அணைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் எந்தச் சுமையும் இல்லாமலே 10 வாட்டோ அதற்கு மேலோ குடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 240 வாட்-ஹவர். இவர்களின் முழு நாள் செலவே 300 தான்.

பேட்டரி எதுவாக இருந்தாலும் சரி, சுவருக்குள் நல்ல வயரும், ஒவ்வொரு வயருக்கும் தனி ஃபியூஸ் உள்ள ஒரு ஃபியூஸ் பிளாக்கும் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அந்த ஃபியூஸ் பிளாக்குக்கு முன்னால் ஒரு ஆண்டர்சன் கனெக்டர் (இறுகப் பிடிக்கும் டிசி பிளக்) வையுங்கள். இன்று பவர் ஸ்டேஷனை அதில் செருகலாம், அடுத்த வருடம் பேட்டரியைச் செருகலாம். சுவரைத் திறக்க வேண்டியதில்லை.

---

தென்றல் (ஆஸ்டின், டெக்சாஸ்)

மரத்தூள் அக்கா, ஃபிரிட்ஜ் விஷயத்தில் என் அனுபவம். நாங்கள் ஐஸ் பெட்டியில்தான் தொடங்கினோம். கோடையில் இரண்டாம் நாளே ஐஸ் தண்ணீராகிவிடும். தயிர் டப்பாவுக்குள் அந்தத் தண்ணீர் போகும், தோசை மாவு பொங்கி மூடியைத் தள்ளும். காய்கறி நனைந்து கொழகொழத்துவிடும். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கியபின் சாப்பாட்டைப் பற்றிய கவலையே இல்லாமல் போனது. சைவக் குடும்பம், பால் தயிர் இல்லாமல் ஓடாது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆனால் அதோடு சோலார் பேனலும் வாங்கியாக வேண்டும், இரண்டும் சேர்ந்த செலவு.

ஏர்கண்டிஷனர் (ஏசி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். டெக்சாஸில் ஜூலை மாதம் அது இல்லாமல் முடியாது. 5000 பிடியூ ஜன்னல் ஏசி ஒன்று 450 வாட் அளவுக்கு இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் கம்ப்ரசர் ஓடினாலும் 1800 வாட்-ஹவர். 100 ஏஎச் லித்தியம் பேட்டரியில் மொத்தமே 1280 தான். அதனால் ஏசி வேண்டுமென்றால் கரண்ட் இணைப்புள்ள இடம் பார்த்துத்தான் புக் செய்கிறோம்.

இன்ஸ்டன்ட் பாட்டும் அப்படித்தான். 1000 வாட். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் போட்டு ஓட்டினால் 90 ஆம்ப் இழுக்கும், விரல் தடிமனுக்குக் கேபிள் கேட்கும். இணைப்புள்ள இடத்தில் மட்டும் சோறு அதில், மற்ற இடத்தில் கேஸ் அடுப்பில் குக்கர். சட்னியை வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்து எடுத்துப் போய்விடுவேன்.

---

மரத்தூள்

எல்லோருக்கும் நன்றி. வயர்மேன் சார் சொன்னபடி தாளில் எழுதினேன். கணவரின் கருவி ஏர்சென்ஸ் 11. ஹியூமிடிஃபையர் இல்லாமல் வீட்டிலேயே சில இரவு தூங்கிப் பார்க்கச் சொன்னேன், சமாளிக்க முடிகிறது என்கிறார். ஃபிரிட்ஜை இந்த வருடம் வாங்கவில்லை. ஆனால் அதற்கான வயரை இப்போதே சுவருக்குள் போட்டுவிடுகிறேன். தென்றல் சொன்ன மாவுக் கதை என்னை அசைத்துவிட்டது.

120 வோல்ட் விஷயம் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது. இணைப்புள்ள இடத்துக்குப் போனால் என்ன செய்வது? எக்ஸ்டென்ஷன் கார்டை ஜன்னல் வழியாக இழுப்பதா?

---

வயர்மேன்

ஜன்னல் வழியாக வேண்டாம், கார்டு நசுங்கும். பக்கச் சுவரில் மூடியோடு கூடிய சின்னக் கேபிள் கதவு ஒன்றைப் பொருத்துங்கள். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் கார்டு ஒன்று (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்). முகாமின் கம்பத்தில் பொதுவாக 20 ஆம்ப் சாதாரண அவுட்லெட் இருக்கும், ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது) பாதுகாப்போடு. நீங்களும் கார்டின் முனையில் ஒரு ஜிஎஃப்சிஐ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிளக் ஸ்டிரிப், அதில் பேட்டரி சார்ஜர். உங்கள் பட்டியலுக்கு இது போதும், சுவருக்குள் 120 வோல்ட் தேவையில்லை.

கம்பத்தில் 30 ஆம்ப் என்று பெரிய சாக்கெட் ஒன்றும் இருக்கும், டிடி-30 என்பார்கள். அது 120 வோல்ட்தான். பார்க்கத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக் மாதிரி இருப்பதால் வீட்டில் அதைப் பொருத்தச் சொன்னால் சில எலக்ட்ரீஷியன்கள் 240 கொடுத்துவிடுகிறார்கள். யாராவது உங்களுக்கு வீட்டில் டிடி-30 வைத்துக் கொடுத்தால், மல்டிமீட்டரில் அளக்காமல் எதையும் செருகாதீர்கள்.

இப்போது வயர் நிறம். ஊரிலிருந்து வந்த நம் ஆட்களுக்கு இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். நாம் வளர்ந்த பழைய இந்திய வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கறுப்பைத் தொட்டால் பெரிய ஆபத்தில்லை என்று மனதில் பதிந்து கிடக்கும். அமெரிக்க 120 வோல்ட்டில் கறுப்புதான் ஹாட். வெள்ளை நியூட்ரல். 12 வோல்ட் டிசிக்கு வந்தால் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். டிரெய்லரின் 7 முனை பிளக்கில் வெள்ளை நெகட்டிவ், கறுப்பு 12 வோல்ட் பாசிட்டிவ். ஒரே கறுப்பு, நான்கு இடத்தில் நான்கு வேலை.

இந்தத் தலைவலிக்குப் படகுக்காரர்கள் நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ஏபிஒய்சி என்ற அமெரிக்கப் படகுத் தரத்தில் டிசி நெகட்டிவுக்கு மஞ்சள் நிறத்தைப் பரிந்துரைக்கிறார்கள். சிவப்பு-மஞ்சள் இரட்டை வயர், ஒரே உறைக்குள் வருவது, படகுக் கடைகளில் கிடைக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு இழை, ஈரத்தில் கறுக்காது. டியர்டிராப்புக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிசிஏ எழுதியதை வாங்காதீர்கள். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும்.

---

கூடாரம் (ஆன் ஆர்பர், மிச்சிகன்)

பேட்டரியை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. முன்னால் இழுவைக் கம்பிமேல் ஒரு பெட்டியா, பின்னால் சமையல் மேடைக்குள்ளா?

எடைக் கணக்கைப் பாருங்கள். ஏஜிஎம் (மூடிய வகை ஈய-அமில) 100 ஏஎச் பேட்டரி சுமார் 30 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதே 100-க்கு 11 கிலோதான். டியர்டிராப்பில் சமையல் சாமான், தண்ணீர், அடுப்பு எல்லாம் ஏற்கெனவே பின்னால். 30 கிலோவையும் அங்கே வைத்தால் கொக்கி மேல் விழும் எடை குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். ரேவ்4 ஹைப்ரிடின் இழுவை எல்லையும் 1750 பவுண்டுதான். எடையை அலட்சியம் செய்ய முடியாது.

இன்னொரு கணக்கு: ஏஜிஎம்மைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 100 ஏஎச்சில் 50 தான் உங்களுடையது. லித்தியத்தில் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம்.

லித்தியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். கரண்ட் எடுப்பதில் பிரச்சினையில்லை, ஏற்றுவதில்தான். மிச்சிகனில் முன்பெட்டியில் வைத்தால் ஜனவரியில் சோலார் அதைக் கெடுத்துவிடும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஷார்லட்டில் மிச்சிகன் அளவுக்குக் குளிர் அபூர்வம் என்றாலும் ஸ்மோக்கி மலைமேல் நவம்பர் இரவுகள் உறையும். உள்ளே, கால் பக்கத்து அலமாரிக்குள் வைத்தால் நல்லது. பழைய தண்ணீர் ஊற்றும் பேட்டரியை மட்டும் தூங்கும் இடத்துக்குள் வைக்கவே கூடாது, ஹைட்ரஜன் வரும்.

---

மரத்தூள்

கால் பக்கத்து அலமாரி பின்பக்கச் சமையல் மேடையோடு முதுகு ஒட்டி இருக்கிறது. அங்கேதான் ஃபியூஸ் பிளாக்கும் வைக்க நினைத்தேன். 11 கிலோ என்றால் சக்கர அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்தாலும் பெரிதாக மாறாது என்று தோன்றுகிறது. தண்ணீர் கேனை முன்னால் மாற்றிவிடுகிறேன்.

அப்படியென்றால் பவர் ஸ்டேஷன் வேண்டாம், 100 ஏஎச் லித்தியம் என்று முடிவு செய்துவிட்டேன். சாலைக்காதலன் கோபித்துக்கொள்ள வேண்டாம். கணவரின் சிபாப் இரவு முழுக்க ஓட வேண்டும். அதை ஒரு தளர்ந்த சாக்கெட்டை நம்பி விட மனசு வரவில்லை.

காரிலிருந்து ஓடும்போதே சார்ஜ் செய்ய முடியுமா?

---

சாலைக்காதலன்

கோபமெல்லாம் இல்லை சகோதரி. சிபாப் காரணம் நியாயமானது.

கார் சார்ஜிங்கை விட்டுவிடுங்கள். 4 முனை பிளக்கில் விளக்கு சிக்னல் மட்டும்தான், சார்ஜ் கம்பி கிடையாது. ஹைப்ரிடில் ஆல்டர்னேட்டரும் இல்லை; பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியாகத்தான் 12 வோல்ட் பக்கம் ஊட்டப்படுகிறது. அதில் கை வைப்பது வாரண்டியோடு விளையாடுவது. வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். சின்ன டிசி கணக்குக்கு அதுவே போதும்.

---

சூரியத்தட்டு (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

சோலாருக்கு என் பங்கு. கூரையில் ஒட்டாதீர்கள். டியர்டிராப்பின் கூரை வளைந்தது, ஃபேனுக்கு ஓட்டை போனால் இடமும் இல்லை. அதைவிட முக்கியம், நல்ல முகாம் இடமென்றால் நிழல் இருக்கும். நீங்கள் நிழலில் நிற்க, பேனல் வெயிலில் நிற்க வேண்டும். மடக்கும் 100 வாட் பேனல் ஒன்று, 15 அடி கேபிள். நல்ல வெயிலில் 5, 6 ஆம்ப் வரும். நாள் முழுக்கத் திருப்பி வைத்தால் 25, 30 ஏஎச். உங்கள் 24-ஐ அதுவே ஈடு கட்டும். யோசெமிட்டியிலும் இணைப்பு எங்கும் கிடையாது, நாங்கள் இப்படித்தான் ஓட்டுகிறோம். ஆனால் ஸ்மோக்கியில் அடர்ந்த காடு. எல்க்மாண்டில் மரத்தடியில் வைத்தால் ஒன்றும் தேறாது, ஓடைப் பக்கம் திறந்த இடம் கிடைத்தால்தான். அதனால் சோலாரை நம்பி பேட்டரி அளவைக் குறைக்காதீர்கள்.

கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். முதலில் பேட்டரியை இணையுங்கள், அப்புறம் பேனல். கழற்றும்போது தலைகீழ். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்தால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகின்றன.

மீட்டர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஏஜிஎம்மில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி என்று வோல்ட்டைப் பார்த்தே சொல்லலாம். லித்தியம் 13.2 பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென இறங்கும். ஷன்ட் (கரண்டை அளக்க நெகட்டிவ் வழியில் வைக்கும் சின்னத் துண்டு) வைத்த மீட்டர் ஒன்று வாங்குங்கள். போன ஆம்ப், வந்த ஆம்ப் எண்ணிச் சொல்லும்.

---

மரத்தூள்

சரி, இப்போது வயர் தடிமன். பேட்டரி பின்னால், ஃபேன் நடுக்கூரையில், படுக்கை விளக்குகள் முன்பக்கம். ஃபிரிட்ஜ் வந்தால் முன்னால் ஒரு தட்டில். சுவரின் வளைவோடு போனால் ஒரு வழிக்கு 16 அடி வரும். எல்லாவற்றுக்கும் 16 கேஜ் போதுமா?

---

வயர்மேன்

விளக்குக்குப் போதும். ஃபிரிட்ஜுக்குப் போதாது. கணக்கைக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். 16 அடி போக, 16 அடி வர, மொத்தம் 32. ஃபிரிட்ஜ் 5 ஆம்ப். 16 கேஜ் செம்பு 1000 அடிக்கு 4 ஓம், ஆகவே 32 அடிக்கு 0.13 ஓம், 5 ஆம்ப்பால் பெருக்கினால் 0.64 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. 12 கேஜ் 1000 அடிக்கு 1.6 ஓம், நஷ்டம் கால் வோல்ட்தான். ஃபிரிட்ஜுக்குள் வோல்ட் குறைந்தால் அணைக்கும் பாதுகாப்பு உண்டு. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம் இழுக்கும், அப்போது இந்த 0.64 இன்னும் பெரிதாகும். பேட்டரியில் கரண்ட் இருந்தும் ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும். ஆட்கள் பேட்டரியைக் குறை சொல்வார்கள்.

ஆகவே ஃபிரிட்ஜுக்கு 12 கேஜ், 15 ஆம்ப் ஃபியூஸ். யூஎஸ்பி, சிபாப் சாக்கெட்டுகளுக்கு 14 கேஜ், 10 ஆம்ப். விளக்குகளுக்கு 16 கேஜ், 3 அல்லது 5 ஆம்ப். ஃபேனுக்கு அதன் கையேட்டில் போட்டிருக்கும் ஃபியூஸ், வயர் 14 கேஜ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, சாதனத்தை அல்ல. வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போடாதீர்கள்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பிளாக்குக்கு 10 கேஜ். அங்கேதான் முக்கியமான ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி. படகுத் தரம் 7 அங்குலத்துக்குள் என்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். சாதாரண பிளேடு ஃபியூஸால் அதை நம்பகமாக அறுக்க முடியாது. உருகிய பின்னும் உள்ளே தீப்பொறி தொடரலாம். எம்ஆர்பிஎஃப் என்று பேட்டரி முனையிலேயே உட்காரும் சதுர ஃபியூஸ் உண்டு, 10,000 ஆம்ப் வரை அறுக்கும். 30 ஆம்ப் போடுங்கள்.

போன வருடம் ஒருவர் பழைய டியர்டிராப் வாங்கி என்னிடம் கொண்டுவந்தார். பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்கு வயர், ஃபியூஸ் எங்கும் இல்லை. சட்டத்தின் ஓட்டை வழியாகப் போன இடத்தில் ரப்பர் வளையமும் இல்லை. அலுமினிய விளிம்பில் உரசி உறை பாதி தேய்ந்து, செம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிளைவுட்டில் நாணய அளவுக்குக் கருகல். அந்த மனிதர் குழந்தையோடு அதற்குள் தூங்கியிருக்கிறார். உலோகத்தைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள், தயவுசெய்து.

நெகட்டிவுக்கு டிரெய்லர் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டாம். மரப் பெட்டி, ஒவ்வொரு சாதனத்துக்கும் தன் மஞ்சள் வயர் பிளாக்குக்குத் திரும்பட்டும். பின் விளக்கு, சிக்னல், பிரேக் விளக்கு எல்லாம் காரின் 4 முனையோடு தனி உலகம். இரண்டையும் எங்கும் கலக்காதீர்கள்.

---

தென்றல்

சாக்கெட் பற்றி வயர்மேன் அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் ஃபிரிட்ஜ் பிளக் ஒரு நாள் கைசுட்டது. கழற்றிப் பார்த்தால் நடு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது ஃபிரிட்ஜுக்கு ஆண்டர்சன் பவர்போல். ஆடினாலும் தளராது.

---

மரத்தூள்

வயரை இழுத்து முடித்தோம். சிவப்பு-மஞ்சள் இரட்டை வயர் வந்ததும் குழப்பம் பாதி குறைந்தது. ஃபோமில் பள்ளம் வெட்டி, வளையும் பிளாஸ்டிக் குழாய் பதித்து அதற்குள் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு குழாயிலும் ஒரு நைலான் நூல் கூடுதலாக இருக்கிறது, பின்னால் எதையாவது இழுக்க வேண்டியிருந்தால் உதவும். உள்பிளையை ஒட்டும் முன் சுவரில் டேப் அளவுகோலை நீட்டி வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அலமாரிக்கு ஸ்குரூ போடும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று அளந்து பார்க்கலாம்.

விளக்கில் ஒரு சின்ன மாற்றம். ஜூன் வாக்கில் எல்க்மாண்டில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் பார்க்கப் போக ஆசை. அங்கே டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றச் சொல்கிறார்கள், வெள்ளை வெளிச்சம் அவற்றைக் குழப்பும். அதனால் உள்ளே வெள்ளை-சிவப்பு இரண்டும் உள்ள விளக்காக வாங்கினேன். சமையல் மேடைக்கு ஆம்பர் நிறம், பூச்சி குறைவாக வரும். கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், படுத்தபடியே எட்டும் இடத்தில் இன்னொன்று.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வயர் முனைகளைக் கிரிம்ப் செய்வதா (டெர்மினலை அழுத்திப் பிடிக்க வைப்பது), சால்டர் செய்வதா (ஈயம் உருக்கி ஒட்டுவது)? கணவர் சால்டர் பக்கம்.

---

வயர்மேன்

கிரிம்ப். சால்டர் செய்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயர் அந்த இடத்தில் கம்பி மாதிரி விறைத்துவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் கோட்டில், ரோடு அதிர்வில் இழை இழையாக அறுபடும். வெளியே உறை முழுசாகத் தெரியும், உள்ளே இரண்டு இழைதான் மிஞ்சியிருக்கும்.

கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ராட்செட் கிரிம்பர் வாங்குங்கள், முழு அழுத்தம் வராமல் கைப்பிடி விடாது. உறையைச் சீவும்போது ஒரு இழை வெட்டுப்பட்டாலும் அந்த முனையை நறுக்கிவிட்டு மறுபடி சீவுங்கள். டெர்மினலின் குழலுக்குள் செம்பு முழுக்கப் போய், மறுமுனையில் கடுகளவு எட்டிப் பார்க்க வேண்டும். அமுக்கியபின் டெர்மினலை ஒரு கையில் பிடித்து வயரை நன்றாக இழுங்கள். வந்துவிட்டால் அது ரோட்டிலும் வந்திருக்கும். கணவருக்குச் சமாதானம் வேண்டுமென்றால் பசையுள்ள ஷ்ரிங்க் குழாயைச் சூடுபடுத்தும் வேலையை அவரிடம் கொடுங்கள், ஈரம் ஏறாமல் இருக்க அது அவசியம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, தன் பேட்டரியில் ஓடுவது, தலைமாட்டில். அதை 12 வோல்ட்டோடு இணைக்க வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அது விழித்திருக்க வேண்டும்.

---

கூடாரம்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 100 ஏஎச் லித்தியத்தில் முனைகள் பெரும்பாலும் எம்8 போல்ட். 10 கேஜ் ரிங் டெர்மினல் வாங்கும்போது ஓட்டை அளவைப் பார்த்து வாங்குங்கள், எம்ஆர்பிஎஃப் ஹோல்டரின் முனைக்கும் சேர்த்து. முதல் பயணம் முடிந்து வந்ததும் பேட்டரியிலும் ஃபியூஸ் பிளாக்கிலும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், அதிர்வில் சில கால் சுற்று இறங்கியிருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை உள்ளே விட வேண்டும்.

---

மரத்தூள்

எம்8-தான், பார்த்துவிட்டேன். ராட்செட் கிரிம்பரும் வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை ஃபியூஸ் பிளாக்கைப் பொருத்துகிறோம். ஷன்ட் நெகட்டிவ் பக்கம்தானே வரும்?

---

சூரியத்தட்டு

நெகட்டிவ் பக்கம்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவும், சார்ஜரின் நெகட்டிவும், ஃபியூஸ் பிளாக்கின் நெகட்டிவும் எல்லாம் ஷன்டின் மறுபக்கம். ஒன்று தவறி பேட்டரி முனைக்கே போனாலும் மீட்டர் அதை எண்ணாது.